பின் இருக்கை இல்லாத வண்டி

வாத்தியாரின் பழைய கார் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிக்கொண்டே வந்து, கடைசியில் அந்தக் கட்டெறும்பும் இனி நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. அடித்தகடு முழுக்கத் துரு. மெக்கானிக் வண்டியை மேலே தூக்கிவைத்து, ஸ்க்ரூ டிரைவரால் அடியில் லேசாகக் குத்திப் பார்த்தார். அது பொத்துக்கொண்டு உள்ளே போய், கால் வைக்கும் இடத்தில் முளைத்து நின்றது.

"இதுல இனிமே ஆள் ஏத்தாதீங்க வாத்தியாரே. நீங்க பிரேக் போட்டா வண்டி நிக்கும், சீட்டு நிக்காது" என்றார் மெக்கானிக்.

வாத்தியார் சரி என்றார். கொஞ்ச காலமாகவே அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். குழம்பில் உப்பில்லை என்றாலும் சரி, கூரை ஒழுகுகிறது என்றாலும் சரி.

அவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் கிளட்ச்சை எப்படி விடுவது என்று கற்றார்கள்; மீதிப் பேர் அவரிடம் கற்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கக் கற்றார்கள். பயிற்சிக் காரில் அவருடைய இடம் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை. அங்கே அவர் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக் இருக்கும். அதை நம்பித்தான் இத்தனை வருஷமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிழைப்பு நடந்தது. "கிளட்ச் என்ன உன் ஜென்ம விரோதியா? ஏன் அந்த மிதி மிதிக்கிற?" என்று அவர் கேட்பது தெருமுனை வரை கேட்கும்.

இப்படி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரால் கட்டிய மனைவிக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை முயன்றார். முதல் வளைவில் ஆரம்பித்த சத்தம் மூன்றாவது வளைவில் உச்சத்துக்குப் போனது. அந்த அம்மாள் வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்தி, இறங்கி, "உங்ககிட்ட கத்துக்கறதுக்குப் பதிலா நான் நடந்தே போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

வேலையால் வாத்தியாருக்கு ஒரு கோளாறும் ஒட்டிக்கொண்டிருந்தது. சொந்தக் காருக்குப் பக்கத்தில் வந்தாலும் கால் தானாகப் பக்கத்து இருக்கைக் கதவுக்குத்தான் போகும். ஏறி உட்காருவார், பெல்ட் போடுவார், யாரோ வண்டியை எடுக்கப்போகிறார்கள் என்று சாலையைப் பார்த்துக் காத்திருப்பார். மகன் வந்து கண்ணாடியைத் தட்டிச் சிரிக்கும்போதுதான் சுயநினைவு வரும். "இறங்காதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவன் சுற்றிப் போய் ஓட்டுகிற இடத்தில் உட்காருவான். "வணக்கம் சார். கண்ணாடி பாத்துட்டேன். வண்டிய எடுக்கலாமா சார்?" உரிமம் வாங்கிய பிறகு பாதி நாள் அப்பாவின் இந்த மறதியை வைத்துத்தான் அவன் காரோட்டினான்.

அந்தப் பையன் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தான். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அவ்வளவுதான். ஒரே பிள்ளை, இருபத்திரண்டு வயது. துக்கம் கேட்க வந்தவர்கள் அழுதார்கள், சாப்பிட்டார்கள், வாத்தியார் அழவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டு போனார்கள். "மனுஷன் கல்லு மாதிரி இருக்கான்" என்று பேச்சு. மனுஷன் கல்லாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டா இருந்தார்? பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகுமே, அதைப் போல அவருக்கு ஆள் முழுவதும் ஆகிவிட்டது.

அதற்கப்புறம் அந்தக் கோளாறும் நின்றுபோயிற்று. ஒருமுறைகூட அவர் தப்பான கதவுக்குப் போகவில்லை. நேராக ஓட்டுகிற இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். பக்கத்து இருக்கை பையனுடைய நீளக் காலுக்கு ஏற்றபடி பின்னுக்குத் தள்ளியே கிடந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. காய்கறிப் பையைக்கூட அங்கே வைக்கவில்லை.

மனைவி பின் இருக்கையில், அவருக்கு நேர் பின்னால். பையன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தவர் அந்த அம்மாள். அவன் வளர்ந்து முன்னால் உட்காருவேன் என்று அடம்பிடித்தான், முன்னால் போனான். அம்மா பழகிய இடத்திலேயே இருந்துகொண்டார். இப்போது அவன் இல்லை, அவர் இன்னும் பின்னால்தான். புருஷனும் பெண்டாட்டியும் டாக்சிக்காரரும் சவாரியும் மாதிரி போய்வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் வாய்த்துடுக்காக, "என்ன வாத்தியாரே, மீட்டர் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, உடனே ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். காருக்குள் இருவருக்கும் பேச்சில்லை. வீட்டிலும் அப்படி ஒன்றும் வாய் ஓயாமல் பேசிக்கொள்ளவில்லை.

கார் செத்த செய்தி கேட்டு மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி; டயர்க் கடை வைத்திருப்பவன். ஊரில் யார் வீட்டில் கார் வாங்கினாலும் மாப்பிள்ளைத் தோழன் போல முன்னால் நிற்பான்.

"மாமா, உங்களுக்கு நான் என்ன புதுசா சொல்றது? உங்க வீட்டுல பேசிப் பேசி ரெண்டு வண்டிதான் மிச்சம். ஒண்ணு அவன் வண்டி, ஒண்ணு உங்க வண்டி" என்றான்.

அது உண்மை. சாப்பாட்டு மேஜையில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வருஷக்கணக்காக நடந்த சண்டை அது. வாங்கும் எண்ணம் இருவருக்கும் கிடையாது, சண்டைதான் முக்கியம். பையனுக்குப் பிடித்தது ஹாட் ஹேட்ச். பார்க்க வீட்டுக்குக் காய்கறி வாங்கிவரும் சின்ன வண்டி மாதிரி இருக்கும், நான்கு பேர் உட்காரலாம், உள்ளே இருக்கும் எஞ்சின் மட்டும் பேய். முன் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும். வாத்தியாருக்குப் பிடித்தது இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். தாழ்வாக, நீள மூக்கோடு இருக்கும். பின் சக்கரம் தள்ளிக்கொண்டு போகும்.

"தள்ளுற வண்டிதான்டா வண்டி. முன் சக்கரத்துக்குத் திரும்புற வேலை ஒண்ணு போதும். அதுவே இழுக்கணும், அதுவே திரும்பணும்னா ஒரே ஆள் தலையில ரெண்டு வேலையக் கட்டின மாதிரி. ரெண்டும் உருப்படாது" என்பார் வாத்தியார்.

"ஒரே ஆள் ரெண்டு வேலை செய்ய முடியாதா? அம்மாவக் கேளுங்க" என்பான் பையன். "உங்க வண்டி மழையில வாலை ஆட்டிக்கிட்டுப் பள்ளத்துல இறங்கும். அது கெடக்கட்டும், அதுல அம்மாவ எங்க உட்கார வைப்பீங்க? டிக்கியிலயா?"

அம்மாள் சோற்றுக் கரண்டியைத் தட்டி, "என்னை விட்டுட்டு எங்க வேணா போங்க ரெண்டு பேரும்" என்பார். தினமும் அரைத்த மாவுதான். ஆனாலும் யாருக்கும் அலுக்கவில்லை.

"அவன் ஆசைப்பட்ட வண்டியவே எடுத்துடுங்க மாமா. அவன் ஆத்மா குளிரும்" என்றான் மைத்துனன். எதிர்வீட்டுக்காரரும் அதையே சொன்னார். மெக்கானிக்கும் அதையே சொன்னார். கார் வாங்குவதென்றால் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். செத்துப்போனவன் ஆசை என்றால் அந்தக் கருத்துக்குக் கொம்பே முளைத்துவிடும். வாத்தியார் சரி என்றார். மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அதுல பின்னாடி சீட்டு இருக்குல்ல?"

"நாலு பேர் தாராளமா உட்காரலாம்க்கா."

"அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டார்.

கிளம்பும்போது மைத்துனனுக்கே மனசு கேட்கவில்லை. "எதுக்கும் மாமா, ரெண்டையும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுங்க. அப்புறம் மனசுல ஒரு மூலையில உறுத்திக்கிட்டே கிடக்கும்" என்றான். உறுத்தினால்கூடப் பரவாயில்லை என்றுதான் வாத்தியாருக்கு இருந்தது.

கார்க் கடையில் வரவேற்ற விற்பனைக்காரன் அவருடைய பழைய மாணவன். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் வைப்பரைப் போடுகிறவன். தேர்வில் பலமுறை தோற்றவன். இப்போது கோட்டும் டையுமாக நின்று, "சார், நீங்களா! வாங்க சார், வாங்க மேடம்" என்று பதறினான். விஷயம் அவனுக்கும் தெரிந்திருந்தது என்பது அவன் குரலை இறக்கியதிலேயே தெரிந்தது.

முதலில் ஹேட்ச். வாத்தியார் ஓட்டினார், விற்பனைக்காரன் பக்கத்தில், மனைவி பின்னால். மிதித்தால் வண்டி பாய்ந்தது. வளைவில் வேகமாகப் போனால் மூக்கு கொஞ்சம் வெளியே போகப் பார்த்தது. காலை எடுத்தால் சொன்ன பேச்சு கேட்டு உள்ளே வந்தது. பையன் சொன்னதெல்லாம் சரிதான். நல்ல வண்டி, அருமையான வண்டி. வாத்தியார் கியரை மாற்றினார், ஸ்டியரிங்கைத் திருப்பினார், அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வேறு யாரோ ஓட்டுவதை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. உட்புறக் கண்ணாடியில் மனைவியின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன.

"நல்லாருக்கா?" என்றார்.

"இருக்கு" என்றார் மனைவி.

"மேடம், பின்னாடி கால் வைக்க இடம் போதுமா?"

"போதும்."

திரும்பி வந்தபோது முடிவாகிவிட்ட மாதிரிதான். ஆனால் விற்பனைக்காரன் தொழில் தெரிந்தவன்; இரண்டாவது வண்டியை ஏற்கெனவே வெளியே எடுத்து நிறுத்தச் சொல்லியிருந்தான். "மைத்துனர் ஃபோன் பண்ணிச் சொன்னார் சார், நீங்க இதையும் பாக்கணும்னு. ரெண்டே சீட்டு, நான் கூட வர முடியாது. உங்களுக்கு நான் என்ன சொல்லப்போறேன், நீங்க ரெண்டு பேரும் ஒரு சுத்து போயிட்டு வாங்க" என்று சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்து வந்தவர்களைக் கவனிக்க உள்ளே ஓடினான்.

மனைவியின் கை பழக்கத்தில் பின்கதவின் பிடியைத் தேடிப் போனது. அங்கே பிடியும் இல்லை, கதவும் இல்லை. வழவழவென்ற தகட்டில் கை வழுக்கிக்கொண்டு போய் நின்றது. அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தார். குனிந்து, தாழ்ந்த இருக்கையில் இறங்கி உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்து மாட்டினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். வண்டி புறப்படவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தார். உள்ளங்கையில் சாவி குத்தியது.

எதிரே ஸ்டியரிங் இல்லை.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்த மறதி திரும்பி வந்திருந்தது. பக்கத்து இருக்கையில், பையன் இடத்தில், தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு மெல்ல உறைத்தது. இறங்க வேண்டும் என்று தெரிந்தது. கண்ணாடியைத் தட்ட யாரும் இல்லை என்பதும் தெரிந்தது. ஆனால் பெல்ட்டைக் கழற்றக் கை எழவில்லை.

மறுபக்கக் கதவு திறந்தது. மனைவி உள்ளே உட்கார்ந்தார். இருக்கையை முன்னுக்கு இழுத்தார், முதுகை நிமிர்த்தினார், உட்புறக் கண்ணாடியைத் திருப்பினார்.

"சாவியக் குடுங்க."

"உனக்கு எதுக்கு?"

"ஓட்டுறதுக்கு."

"விளையாடாத. உனக்கு எப்படி—"

"அவன் சொல்லிக்கொடுத்தான்" என்றார் மனைவி. சாலையைப் பார்த்தபடியேதான் சொன்னார். "நீங்க ஞாயித்துக்கிழமை காலையில கிளாஸ் எடுக்கப் போனதும் ரெண்டு பேரும் கிளம்பிடுவோம். அந்த குடோனுக்குப் பின்னாடி காலி இடம் இருக்குல்ல, அங்க. லைசென்ஸும் வாங்கிட்டேன். உங்க பொறந்தநாளுக்கு நானே ஓட்டிக்கிட்டு வந்து உங்க முன்னாடி நிறுத்தணும்னு இருந்தோம். அதுக்குள்ள அவன் படுத்துட்டான்."

வாத்தியார் சாவியைக் கொடுத்தார்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது. கிளட்ச்சை விட்டது கொஞ்சம் அவசரம். சந்தில் திரும்பும்போது வேகம் அதிகம். எதிரே ஒரு லாரி வந்தது. வாத்தியாரின் கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது.

"மிதிக்காதீங்க" என்றார் மனைவி.

"லாரி வருதும்மா!"

"எனக்கும் கண்ணு இருக்கு. அவன் ஒரு தடவகூட இப்படி மிதிச்சதில்ல."

"நம்ம வண்டியில அவன் பக்கம் பிரேக்கே கிடையாதே!"

"இந்த வண்டியில மட்டும் உங்க பக்கம் இருக்கா?"

வாத்தியார் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். லாரி அதன்பாட்டுக்குப் போயிற்று. பிறகு அவர் கேட்டார். "மிதிக்காம என்னதான் பண்ணுவான்?"

"கையைக் கட்டிக்கிட்டு வெளிய வேடிக்கை பாப்பான். எனக்கு உயிர் போகும். 'டேய், ரோட்டப் பாருடா'ன்னா, 'நீ பாக்குறல்லம்மா, ரெண்டு பேர் எதுக்கு'ம்பான். ஒருநாள் நெஜமாவே தூங்கிட்டான்."

"தூங்கிட்டானா? கத்துக்குடுக்கும்போதா?"

"வாயத் தொறந்துக்கிட்டு. நான் அவனை எழுப்பல. அப்படியே ஆத்துப் பாலம் வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பி வந்தேன்."

பாலம் வரைக்கும்! நெரிசலான அந்தச் சாலையில், இவள் தனியாக, பக்கத்தில் தூங்குகிற பிள்ளையோடு. வாத்தியார் இதுவரை கேள்விப்படாத விஷயம். பையனைப் பற்றி இனிமேல் புதிதாக எதுவும் வராது என்றே அவர் நினைத்திருந்தார். இருந்தது எல்லாம் அவ்வளவுதான், இனி அதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று இருந்தார். இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவனாக அவன் புதிதாக வந்திருக்கிறான்.

"திட்டுவானா?"

"திட்டமாட்டான். உங்கள மாதிரி பேசிக் காட்டுவான்." மனைவி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மகன் அப்பாவைப் போலப் பேசும் குரலில் பேசினார். "கிளட்ச் என்ன உன் ஜென்ம விரோதியா? ஏன் அந்த மிதி மிதிக்கிற?"

அச்சு அசலாக அவன்தான். அவன் வாயில் வந்த தன் குரலும்தான். வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதி வழியில் என்னவோ ஆகி, நெஞ்சுக்குள் எதுவோ பிய்த்துக்கொண்டது. வலித்தது, நன்றாகவே வலித்தது. ஊசியின் மரப்பு விடும்போது கன்னத்தில் முதலில் வருவது வலிதான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். சத்தம் வந்தது. மனைவி சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கியரை மாற்றிய கை திரும்பும் வழியில் அவர் முழங்காலில் ஒருமுறை தட்டிவிட்டு ஸ்டியரிங்குக்குப் போனது.

நேர் சாலை வந்ததும் மனைவி காலை அழுத்தினார். முதுகுக்குப் பின்னாலிருந்து வண்டி தள்ளியது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வாத்தியார் வருஷக்கணக்காக விளக்கிச் சொன்ன தள்ளல் அதுதான். அதைச் சொன்னவர் இதுவரை ஒருமுறைகூட அனுபவித்ததில்லை.

கடை வாசலில் வந்து நிறுத்தினார் மனைவி. எஞ்சினை நிறுத்தவில்லை. பக்கத்திலேயே அந்த ஹேட்ச் நின்றுகொண்டிருந்தது, நான்கு கதவோடு நல்ல பிள்ளை மாதிரி.

"அவன் கேட்டது அதைத்தான" என்றார் வாத்தியார், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"ஆமா."

"அதையே எடுத்தா, நீயே ஓட்டலாம்."

மனைவி கொஞ்ச நேரம் அந்த வண்டியையே பார்த்தார். "அதுல பின்னாடி சீட்டு இருக்கு. இருந்தா நான் அங்கதான் போய் உட்காருவேன். இன்னைக்கு இல்லன்னாலும் நாளைக்குப் போய் உட்காந்துடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? அப்புறம் நீங்களும் பேசமாட்டீங்க, நானும் பேசமாட்டேன்."

விற்பனைக்காரன் ஓடி வந்தான். சார் இருப்பார் என்று ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தவன், மேடத்தைப் பார்த்துத் திகைத்துப்போய் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். சார் பக்கத்து இருக்கையில், கண் சிவந்து, பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"எது சார் எடுக்கிறீங்க?"

"இதுதான்" என்றார் வாத்தியார். "ஆனா கதவைச் சாத்துப்பா. இன்னொரு சுத்து போயிட்டு வர்றோம். அம்மா இன்னும் முழுசா சொல்லி முடிக்கல."